கடற்கரைச் சாலையில் கேம்பர்வேன் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டெம்போ டிராவலரிலோ பழைய மினி வேனிலோ கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போகிறவர்களுக்கான குறிப்பு இது. மாமல்லபுரம், புதுச்சேரி, நாகப்பட்டினம், வேதாரண்யம், தொண்டி, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வழி. கொண்டை ஊசி வளைவு கிடையாது, ஏற்றம் கிடையாது. என்ஜினுக்கு இது சுகமான சாலை. மற்ற எல்லாவற்றுக்கும் சோதனை, காரணம் உப்பு.

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசியும், பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்விடும். கடலோரத்தில் ராத்திரி வேளையில் ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஒயர் முனை, ஃபியூஸ் ஹோல்டர், அர்த் போல்ட் என எல்லாவற்றிலும் படிந்திருக்கும் உப்புப்படலம் விடிகாலையில் ஈரமாக இருக்கும், வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான். விடிகாலையில் வந்து மதியம் காணாமல் போனால் பெரும்பாலும் கெட்டது பாகம் இல்லை, இணைப்பு. மெக்கானிக் வந்து சேர மணி பதினொன்று ஆகும், அவர் சாவியைத் திருப்பியதும் வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும், அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அல்லது புது பேட்டரி போட்டே ஆகணும் என்பார். இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் இருக்கத்தான் கீழே உள்ளவை.

வண்டியில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், உப்புத்தாள், 10, 13 நம்பர் ஸ்பேனர்கள், வாசலின் டப்பா, உதிரி ஃபியூஸ்கள், காற்று அளக்கும் கேஜ், 12 வோல்ட் காற்று பம்ப், ஜம்பர் கேபிள், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு மரக்கட்டை.

காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' சத்தம் மட்டும் வருகிறது

பேட்டரியின் இரண்டு ஈயக் கொண்டைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைத்தால் கணக்கு தப்பும், கொண்டையிலேயே வைக்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி, கீழே தனியாகச் சொல்கிறேன்.

12.6 காட்டியும் 'டிக்' என்றால் வேலை சுலபம். மீட்டரின் ஒரு முனை கொண்டையில், மறுமுனை அதே கொண்டையில் மாட்டியுள்ள கிளாம்ப்பில். இப்போது கூட இருப்பவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்திலேயே நிற்கும். 0.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் குற்றவாளி அந்தக் கிளாம்ப். அடுத்து ஒரு முனை மைனஸ் கொண்டையில், மறுமுனை பெயின்ட் இல்லாத என்ஜின் உடம்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.5-ஐத் தாண்டினால் என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் அர்த் பட்டை போய்விட்டது. செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த பட்டை அது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வளைத்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் பொடி கொட்டும், பாதிக் கம்பி அறுந்திருக்கும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு குறுக்குவழி: ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து மைனஸ் கொண்டையிலிருந்து நேரே என்ஜின் இரும்பில் கடியுங்கள். வண்டி பட்டென்று ஸ்டார்ட் ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் பழி போடத் தேவையில்லை. பட்டையை மாற்றினால் போதும், எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் செய்துவிடுவார்கள்.

கிளாம்ப் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வெள்ளை, பச்சைப் பொடி இருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். கரைசல் பேட்டரி மூடிக்குள் இறங்கக் கூடாது. துடைத்து, உப்புத்தாள் போட்டு, இறுக்கி, அதற்குப் பிறகு வெளியே வாசலின். வாசலின் தடவிவிட்டு இறுக்குகிறவர்கள் உண்டு. முதலில் உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும், பூச்சு அதற்கு மேலே.

பேட்டரி உண்மையிலேயே காலி என்றால், ராத்திரி என்ன ஓடியது என்று பாருங்கள். ஃபேன், ஃபிரிட்ஜுக்கென்று உள்ள தனி பேட்டரியை (வீட்டு பேட்டரி) விட்டுவிட்டு, ஃபேனையோ சார்ஜரையோ யாராவது என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து இழுத்திருப்பார்கள், வேன் மாற்றிக் கொடுக்கும் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் குறுக்குவேலை இது. ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்தபின் மீட்டரில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 12.5-இலேயே நின்றால், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் சரி என்றால் பின்பக்க ஒயர் முனையைப் பாருங்கள். இரண்டும் சரி என்றால்தான் ஆல்டர்னேட்டர்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஃபேன் நின்றுவிடுகிறது

பழுது தேடும் முன் ஒரு கூட்டல் போடுங்கள். 45 வாட் ஃபிரிட்ஜ் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். நம் ஊர் புழுக்கத்தில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 12 மணி நேரத்தில் 24 ஏஹெச் (ஆம்பியர்-மணி). 2 ஆம்பியர் ஃபேன் ஒன்பது மணி நேரம் ஓடினால் 18. விளக்கு, போன் எல்லாம் சேர்த்து 5. மொத்தம் 47. லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் குறையும், எனவே 100 ஏஹெச் பேட்டரியில் உங்கள் கைக்கு வருவது 50. புதிதாக இருக்கும்போது விளிம்பில் தாங்கும், பழசானதும் தாங்காது. இங்கே கெட்டுப்போனது எதுவும் இல்லை.

கூட்டல் சரியாக வந்தும் நின்றால், பகலில் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். கூரைக்கு ஏறி சோலார் பேனலைத் தொட்டுப் பாருங்கள். கடற்கரையில் நிறுத்திய மறுநாளே விரல் பிசுபிசுக்கும். அதற்கு மேல் மணல், அதற்கு மேல் காக்கை எச்சம். நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்தால் போதும். அடுத்தது நிழல். சாதாரணப் பேனலில் செல்கள் வரிசையாகக் கோர்த்திருப்பதால் ஒரு தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலே மின்சாரம் பெருமளவு சரியும். தென்னைக்கு அடியில் நிறுத்த வேண்டாம் என்பதற்கு இன்னும் கனமான காரணம் ஒன்று மேலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

வண்டி ஓடும்போதும் ஏறவில்லையா? புதிய மாசு விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் தானே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு பேட்டரிகளையும் இணைக்க, பழைய வண்டிக்குப் போடும் ரிலே மட்டும் வைத்திருந்தால் வீட்டு பேட்டரிக்கு அரைவயிறுதான் நிறையும். இதற்கு வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். பயணத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை.

லித்தியம் வைத்திருப்பவர்கள் வோல்டேஜைப் பார்த்து ஏமாறாதீர்கள். கொள்ளளவின் பெரும்பகுதிக்கு 13.2 பக்கத்திலேயே நிற்கும், பிறகு திடீரென்று அணைந்துவிடும். போனதும் வந்ததும் கணக்கு வைக்கும் ஷன்ட் மீட்டர் ஒன்றே வழி.

பேட்டரி நிறைந்திருக்கிறது, ஃபிரிட்ஜ் மட்டும் கட் ஆகிறது

ஒயர் மெலிசு. முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து பின்னால் இருக்கும் ஃபிரிட்ஜுக்கு 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர் செம்பு. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுப்பு இன்னும் அதிகம், அப்போது ஃபிரிட்ஜ் பேட்டரி காலி என்று நினைத்துத் தன்னை நிறுத்திக்கொள்ளும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.26-க்கு இறங்கும். வீட்டு ஒயரிங் கடையில் வாங்குவதே போதும், பேட்டரி பக்க முனையில் ஃபியூஸ் இருக்கட்டும். ஒயர் சரி என்றால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டைப் பிடுங்கி எறியுங்கள். அந்த ஸ்பிரிங் முனை கடற்காற்றில் ஒரு சீசன் தாங்காது. நேரடியாக இணைத்துவிடுவதே மேல்.

ஹேண்ட் பிரேக்கை விட்டாலும் வண்டி நகரவில்லை

ஈரக்காற்றில் ராத்திரி முழுவதும் இழுத்து வைத்திருந்ததால் லைனரும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொண்டன. முதல் கியர், ரிவர்ஸ் என மாற்றி மாற்றி மெல்ல அசையுங்கள், 'டக்' என்று விடும். விடாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி டிரம்மின் முகத்தைச் சுற்றிலும் சுத்தியலால் தட்ட வேண்டும். அப்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டோ கட்டையோ கொடுங்கள். கடற்கரையில் இரவு தங்கினால் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சமதரையில் முதல் கியரும் இரு பக்கமும் மரக்கட்டையும் போதும். காலையில் முதல் நாலைந்து பிரேக்கில் 'கர்ர்' சத்தம் வந்து நின்றுவிட்டால் அது மேல்துரு, கவலை இல்லை.

மணலில் சக்கரம் சுற்றுகிறது, வண்டி இறங்கிக்கொண்டே போகிறது

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இந்த ஒரு செயலில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் ஒரு விரல்கடை ஆழம். பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் குண்டு மணலைத் தொட்டுவிட்டால் பிறகு டிராக்டர்தான்.

எல்லோரையும் இறக்குங்கள். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தால் 100 லிட்டர் 100 கிலோ, திறந்துவிடத் தயங்காதீர்கள். நான்கு சக்கரத்தின் முன்னும் பின்னும் கையால் மணலைச் சரிவாக வாருங்கள், வயிற்றுக்கு அடியில் முட்டும் மணலையும் எடுங்கள். பிறகு காற்றை இறக்குங்கள்: 50 பிஎஸ்ஐ இருந்தால் 30-க்கு. டயர் பக்கவாட்டில் பிதுங்கி, மணலைத் தொடும் பரப்பு நீளும். பலகையோ பாயோ தேடி ஓட வேண்டாம், சுற்றிப் பார்த்தால் தென்னை மட்டையும் பனையோலையும் கிடக்கும். இழுக்கும் சக்கரங்கள் போக வேண்டிய திசையில் நாலைந்து அடுக்காகப் போடுங்கள், அடிமட்டை வெளிப்பக்கம் இருக்கட்டும். வந்த தடத்திலேயே பின்னோக்கி வெளியேறுவதுதான் எளிது, அந்த மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. ஸ்டியரிங் நேராக, கிளட்ச் மெதுவாக, தள்ளுகிறவர்கள் பக்கவாட்டில் நிற்கட்டும். வெளியே வந்ததும் குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகம் எடுக்காதீர்கள், வளைவில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். அங்கேயே நின்று பம்ப் போட்டுப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள்.

அலை வந்து போகும் ஈர மணல் கெட்டியாகத் தெரியும், ஓட்டிப் பார்க்க ஆசையும் வரும். வேண்டாம். மூன்று டன் வண்டி அதில் நின்றால் அடுத்த அலை சக்கரத்தைச் சுற்றிக் குழி பறிக்கும். ஏற்கெனவே கடல்நீர் பட்டுவிட்டதென்றால் அன்றைக்கே அடிப்பாகம், பிரேக், சக்கரம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

நேர்சாலையில் வண்டி ஒரு பக்கம் தள்ளுகிறது

முதலில் எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். பாம்பன் சாலைப் பாலம், தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை போகும் சாலை, ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடங்குளம் பக்கம் என்றால் அது காற்று. காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்? உயரமான வண்டி, அதற்கு மேல் சோலார் பேனலும் கேரியரும்: காற்றுக்குக் கொண்டாட்டம். வேகத்தை 40-க்குக் குறையுங்கள், கூரைச் சாமான்களை உள்ளே இறக்குங்கள், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துச் சண்டை போடாதீர்கள். எதிரே பெரிய பேருந்து வந்தால் ஒரு கணம் காற்று மறைந்து மறுகணம் அடிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்கச் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்துகிறவர்களால் நெரிசல் உண்டாகும். பார்ப்பதற்கு இறங்குகிறவர்கள் பாலத்தைத் தாண்டி இறங்கலாம். அரிச்சல்முனைச் சாலையில் காற்று மணலை அள்ளித் தாரின்மேல் பரப்பியிருக்கும், அங்கே திடீர் பிரேக் கூடாது.

காற்றே இல்லாத இடத்திலும் தள்ளினால் நான்கு டயரிலும் காற்றை அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் ஒவ்வொரு ரிம்மையும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்க பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியே ஓட்டாதீர்கள்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

சமதரையில் ஹீட் ஆவதற்கு முதல் காரணம் ரேடியேட்டர் இதழ்களில் உப்பும் மணலும் பூச்சியும் அடைத்திருப்பது. ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும். அரை மணி நேரமாவது ஆறட்டும். ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் முதலில் அதன் கனெக்டர், பிறகு ஃபியூஸ். அடைப்பைக் கழுவ என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து மெதுவான தண்ணீர் போதும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைக் கிட்டே பிடித்தால் இதழ்கள் மடங்கிவிடும். கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் மூடியில் பழுப்பு நுரை இருந்தாலோ இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

பிக்கப் இல்லை, வண்டி திணறுகிறது

டீசல் ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். சுத்தமான டீசல் வரும் வரை விட்டு மூடுங்கள். டாங்கை எப்போதும் பாதிக்கு மேல் வைத்திருந்தால் உள்ளே ஈரம் சேர இடம் குறையும். அடுத்து ஏர் ஃபில்டர்: தட்டினால் மணல் கொட்டினால் மாற்றுங்கள்.

குழாய் மூடியிருக்கிறது, பம்ப் மட்டும் விட்டுவிட்டு ஓடுகிறது

எங்கோ ஒழுகுகிறது. ராத்திரி பம்ப் சுவிட்சை அணைத்து, எல்லா இணைப்பிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றிவிடுங்கள், காலையில் நனைந்த பேப்பர் இடத்தைக் காட்டும். எதுவும் நனையாவிட்டால் பம்புக்குள்ளேயே வால்வில் மணல். பம்ப் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் பக்கத்தில் காற்று இழுக்கிறது, கிளாம்ப்பை இறுக்குங்கள்.

தண்ணீர் நாறினால் தொட்டியைக் கழுவ வேண்டும். 5 சதவீத ப்ளீச், லிட்டருக்கு 1 மில்லி வீதம். குழாய்களையும் திறந்து வாசனை வரும் வரை ஓடவிட்டு, நாலு மணி நேரம் கழித்து முழுதும் வடித்து இரண்டு முறை அலசுங்கள். ராமநாதபுரம் பக்கம் போர்த் தண்ணீரை நிரப்பும் முன் வாயில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உப்பு கரித்தால் தொட்டிக்குள் விடாதீர்கள், பம்பும் கெடும். அங்கே தள்ளுவண்டியில் குடக்கணக்கில் நல்ல தண்ணீர் விற்பார்கள், உள்ளூர்க்காரர்கள் குடிப்பதே அதைத்தான்.

அடுப்பு மஞ்சளாக எரிகிறது, அல்லது கேஸ் நாற்றம்

மஞ்சள் சுவாலைக்குக் காரணம் காற்று போதாமை. பர்னரைக் கழற்றி ஊசித் துளைகளில் துருவும் மணலும் இருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். கடற்காற்றுக்குப் பயந்து கதவு ஜன்னலை அடைத்துவிட்டுச் சமைக்கும் பழக்கம் ஆபத்தானது; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

நாற்றம் வந்தால் வேறு கதை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கி நிற்கும். அதனால்தான் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே போகத் துளை இருக்க வேண்டும். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஃபேனுக்கும் இதுவே. ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியே. அடங்கியபின் சோப்பு நுரை தடவி ஒழுகும் இடத்தைத் தேடலாம். நிற்கவே இல்லை என்றால் 1906-ஐ அழையுங்கள், எல்பிஜி கசிவுக்கென்றே உள்ள எண்.

மழையில் கட்டிலுக்கு மேல் சொட்டுகிறது

சொட்டும் இடமும் ஓட்டை இடமும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் கூரைச் சட்டத்தின் வழியே ஓடி, தாழ்ந்த இடத்தில் வந்து விழும். மழை விட்டபின் ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, வெளியே ஹோஸ் தண்ணீரை முதலில் கீழே, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே காட்டுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா ஓட்டையும் ஒன்றாக நனைந்து ஒன்றும் விளங்காது. பெரும்பாலும் வென்ட் ஃபேன் விளிம்போ சோலார் பேனல் போல்ட்டோதான். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், வினிகர் நாற்றம் அடிக்கும் சிலிகானை வாங்காதீர்கள், அதன் அமிலம் தகட்டை அரிக்கும். பாலியூரிதேன் சீலன்ட் கேட்டு வாங்கி, பழையதை முழுதும் சுரண்டி, காய்ந்தபின் போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் போகிறவர்கள் கிளம்பும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மழையே இல்லாமல் மெத்தைக்கு அடியில் ஈரம் என்றால் அது உங்கள் மூச்சுதான். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் காற்று போக இடைவெளி வையுங்கள், கூரை வென்ட் ராத்திரி திறந்தே இருக்கட்டும்.

ராத்திரி யாரோ கதவைத் தட்டுகிறார்கள்

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ரோந்து போலீஸ், இல்லை ஊர்க்காரர். போலீஸ் என்றால் உள்விளக்கைப் போட்டு, ஆர்சி, லைசென்ஸ், அடையாள அட்டையோடு இறங்குங்கள். கட்டில், அடுப்பு வைத்து வண்டியை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்பது அப்போதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைக் கேட்கிறது.

ஊர்க்காரர் என்றால் நீங்கள் வலை காயும் இடத்திலோ படகு இழுக்கும் தடத்திலோ நிறுத்தியிருக்கிறீர்கள். விடிவதற்கு முன்பே அங்கே மீன் ஏலத்துக்கு வண்டிகள் வந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தத் தட்டல் இல்லை: "அண்ணே, ராத்திரி இங்க வண்டி போட்டுக்கலாமா?" "இங்க வேணாம் தம்பி, கோயில் பக்கம் போடுங்க, லைட்டும் இருக்கு." கேட்க ஆளே இல்லாத இடம் என்றால் பெட்ரோல் பங்க். டீசல் அடித்துவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் ஓர் ஓரம் காட்டுவார்கள். எங்கே நிறுத்தினாலும் வண்டியின் முகம் சாலையைப் பார்த்து இருக்கட்டும், முன் சீட்டில் சாமான் குவிக்காதீர்கள், சாவி தூங்குகிறவர் கைக்கு எட்டும் ஆணியில் தொங்கட்டும்.